அந்தப் பேரேடு ஏற்கெனவே இருந்தது

காப்புரிமை ஆவணம் படித்துப் பழகியவர்கள் முதலில் உரிமைக்கோரல்களைத் தேடுவார்கள். படங்கள், பின்னணி, செயல்விளக்கம் எல்லாவற்றையும் தாண்டி, எண்ணிட்ட சில வாக்கியங்களாக அவை நிற்கும். கண்டுபிடித்தவருக்கு எது சொந்தம், எது சொந்தமில்லை என்பதை அந்த வாக்கியங்களே தீர்மானிக்கின்றன. மற்ற பக்கங்களில் எவ்வளவு விரிவாக எழுதியிருந்தாலும் கடைசியில் நீதிமன்றம் அளந்து பார்ப்பது இவற்றைத்தான்.

அப்படி ஒரு கோரலை நாமே எழுதிப் பார்ப்போம். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திரட்டி வைக்கிறது. இன்னொரு நிறுவனமும் அதையே செய்கிறது. ஒரு கணினி இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று பார்க்கிறது. அந்த ஆள் சம்மதம் கொடுத்திருந்தால் ஒரு நிறுவனத்தின் கையிலுள்ள விவரம் மற்றதற்குப் போகிறது. அதை வைத்துக்கொண்டு அந்த நிறுவனம் கடன் கொடுக்கலாமா, சலுகை தரலாமா என்று முடிவெடுக்கிறது. திரட்டுதல், பொருத்துதல், சம்மதம், பகிர்வு, முடிவு என்று ஐந்து படிகள். வாடிக்கையாளர் தரவை நிறுவனங்களுக்கிடையே பகிர்வது பற்றிய காப்புரிமைகள் பலவற்றின் தொழில்நுட்பச் சொற்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

இதில் எது புதிது என்று கேட்பவருக்குச் சட்டம் ஒரு வேலை வைக்கிறது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகில் வெளிப்படையாக இருந்த அறிவு, பொருள், நடைமுறை அனைத்தையும் தேடி எடுக்க வேண்டும். காப்புரிமைத் துறையில் இதை 'பிரையர் ஆர்ட்' என்பார்கள். இந்தியர்களுக்கு இது நன்றாக அறிமுகமான சங்கதி. 1995-இல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம்முடைய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுப்போட்டது. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னால் மட்டும் அங்கே எடுபடாது. அச்சில், தேதியோடு, கையில் கொடுக்கும்படியான சான்று வேண்டும். பழைய மருத்துவ நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரையையும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்ட சான்றுகளைக் கழகம் அடுக்கியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

மஞ்சளுக்கு நேர்ந்ததுதான் தரவுப் பகிர்வுக்கும் நேர்ந்தது என்பது என் கருத்து. வணிகர்கள் தங்கள் தொழில் நடைமுறைகளுக்குக் காப்புரிமை கேட்டது அரிது. கேட்டால் கிடைக்காது என்பதே நெடுங்காலம் பொதுவான எண்ணமாக இருந்தது. 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று, மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளை நிர்வகிக்கும் ஒரு கணினி முறையைப் பற்றிய ஸ்டேட் ஸ்ட்ரீட் வழக்கில் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. வணிக முறைகளுக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. ஆய்வாளர்களோ வழக்கம்போல் முதலில் பழைய காப்புரிமை ஆவணங்களில் தேடினார்கள். இருநூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் அங்கே பதிவாகாத நடைமுறைக்கு அங்கே என்ன தடயம் இருக்கும்? தேடும் இடம் தவறானால் பழையதெல்லாம் புதிதாகத்தான் தெரியும். ஆகவே நாம் வேறு இடங்களில் தேடுவோம்: கடைக்காரர் சங்கங்களில், கடன் அலுவலகங்களில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பொதுச் சுகாதாரத் துறையில்.

1776-இல் லண்டன் வணிகர்கள் மோசடிக்காரர்களிடமிருந்து வணிகத்தைக் காக்க ஒரு சங்கம் வைத்தார்கள். ஏமாற்றியவர்களின் பெயர்களை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வதே அதன் வேலை. 1826-இல் மான்செஸ்டரிலும் அப்படி ஒன்று தோன்றியது. இன்று உலகெங்கும் கடன் தகவல் விற்கும் எக்ஸ்பீரியன் நிறுவனம் தன் வம்சாவளியை அந்த மான்செஸ்டர் சங்கத்திலிருந்துதான் சொல்லிக்கொள்கிறது. ஒரு கடையில் கடன் வைத்துவிட்டு ஓடியவரின் பெயர் அடுத்த கடைக்குத் தெரிந்துவிடும். நம் கோரலின் திரட்டுதலும் பகிர்வும் முடிவும் இங்கேயே வந்துவிட்டன. ஆனால் இவை மோசமானவர்களின் பட்டியல் மட்டும். நல்லவர், கெட்டவர், நடுவில் நிற்பவர் எல்லாரையும் பற்றித் தொடர்ச்சியாகப் பதிவு வைக்கும் அமைப்பு நியூயார்க்கில் பிறந்தது.

லூயிஸ் டப்பன் என்ற பெயரை அமெரிக்க வரலாறு அடிமை ஒழிப்புப் போராளியாகவே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. அமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காக முன்னின்று உழைத்தவர் அவர். அவரும் அண்ணன் ஆர்தரும் நியூயார்க்கில் பட்டு வணிகம் செய்தார்கள். 1837-இன் நிதி நெருக்கடியில் அந்த வணிகம் நொடித்தது. காரணம் எளிமையானது. உள்நாட்டுக் கடைக்காரர்கள் நியூயார்க்குக்கு வந்து சரக்கைக் கடனுக்கு எடுத்துப் போவார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கும் அந்த மனிதர் நாணயமானவரா, ஏற்கெனவே எத்தனை பேரிடம் கடன் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் மொத்த வியாபாரிக்குத் தெரியாது. அவர் கையில் கொண்டுவரும் சிபாரிசுக் கடிதமே ஆதாரம். ஒரே கடைக்காரர் பல மொத்த வியாபாரிகளிடம் கடன் எடுத்துவிட்டு எல்லாரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட முடியும்.

1841-இல் டப்பன் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். ஊர்தோறும் ஒரு செய்தியாளர். பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர். அவர் தன் ஊர்க் கடைக்காரர்களின் சொத்து, குணம், குடிப்பழக்கம், குடும்பப் பின்னணி, கடன் திருப்பும் வழக்கம் பற்றிக் குறிப்பு அனுப்புவார். பதிலுக்கு அந்த ஊரில் வராக்கடன் வசூலிக்கும் வழக்குகள் அவருக்கு வரும். இளம் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கனும் இப்படி எழுதியவர்களில் ஒருவர் என்று அந்நிறுவனத்தின் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள். தலைமையகத்தில் எழுத்தர்கள் இவற்றைப் பெரிய பேரேடுகளில் ஏற்றினார்கள். சந்தா கட்டிய வணிகர் நேரில் வந்து பெயரைச் சொல்ல, எழுத்தர் குறிப்பைப் படித்துக் காட்டுவார். நகல் கிடையாது. கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அடிமை முறையை எதிர்த்த ஒருவருக்குத் தென் மாநிலங்களில் செய்தியாளர்கள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. தரவு வலைப்பின்னலுக்கு அரசியல் எல்லைகள் உண்டு என்பதற்கு இதுவே முதல் சான்றாக இருக்கலாம்.

அந்தப் பேரேடுகளில் 2,500-க்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. நிறுவனம் கை மாறி ஆர்.ஜி. டன் ஆயிற்று. 1933-இல் போட்டியாளரான பிராட்ஸ்ட்ரீட்டுடன் இணைந்து டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆயிற்று.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். பேரேடு ரகசியம்தானே, ரகசியமாக இருந்தது எப்படி 'பிரையர் ஆர்ட்' ஆகும்? பேரேட்டில் எழுதியிருந்த விவரங்கள்தாம் ரகசியம்; பேரேடு வைக்கும் முறை ரகசியமாக இல்லை. டப்பன் வணிகர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியும் பத்திரிகைகளில் எழுதியும்தான் சந்தாதாரர்களைச் சேர்த்தார். தங்களைப் பற்றிய குறிப்பால் நட்டமடைந்ததாக ஓஹாயோவைச் சேர்ந்த பியர்ட்ஸ்லி சகோதரர்கள் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. செய்தியாளரின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காக டப்பனுக்குப் பின் நிறுவனத்தை நடத்திய பெஞ்சமின் டக்ளஸ் சிறைக்கும் போனார். அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது நீதிமன்ற ஆவணங்களில் ஏறிவிட்டது. காப்புரிமைக் கண்ணோடு பார்த்தால் அந்த வழக்குக் கட்டுகளே நல்ல சான்று.

மெர்க்கன்டைல் ஏஜென்சி கண்காணித்தது வணிகர்களை. சாதாரண நுகர்வோர் பக்கம் இதே முறை வந்தது 1899-இல். அட்லாண்டாவில் கேட்டர் வுல்ஃபோர்டு, கை வுல்ஃபோர்டு என்ற சகோதரர்கள் ரீட்டெய்ல் கிரெடிட் கம்பெனியைத் தொடங்கி, கடைகளில் யார் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள் என்பதைத் தொகுத்து மற்ற கடைகளுக்கு விற்றார்கள். அதுவே 1975-இல் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

*

பொருத்துதல் என்ற படியில்தான் உண்மையான அறிவியல் தொடங்குகிறது, நான் அதிகம் நேசிக்கும் பகுதியும் இதுவே. இரண்டு கடைகளின் பட்டியலில் ஒரே ஆள் இருக்கிறார். ஆனால் ஒன்றில் பெயர் ஒருவிதமாக, மற்றதில் வேறுவிதமாக எழுதியிருக்கிறது. இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

1918 ஏப்ரலில் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் என்பவருக்கு 1,261,167 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்காமல் ஒலி வரிசையில் அடுக்கலாம் என்பது அவர் யோசனை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள், உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடு, ஒரேமாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடு. 'சவுண்டெக்ஸ்' என்று பெயர் பெற்ற இந்த முறையை வைத்துத்தான் 1930-களில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டைகளை அமெரிக்க அரசு வரிசைப்படுத்தியது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வந்த காலம் அது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள் தங்கள் வயதை நிரூபிக்கப் பழைய கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் பெயர்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் கே, எஸ், எச் போட்டும் எழுதுவார்கள், எக்ஸ் ஒன்றை மட்டும் போட்டும் எழுதுவார்கள். இப்போது வழக்கில் உள்ள சவுண்டெக்ஸ் இரண்டுக்கும் எல்-250 என்ற ஒரே குறியைத் தருகிறது. அருமை. ஆனால் மதுரைப் பக்கமோ மலேசியாவிலோ டி, சி, எச் போட்டு எழுதினால் குறி எல்-325 ஆகிவிடுகிறது. இயந்திரத்துக்கு அவர் வேறு ஆள். குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் சேர்ந்துகொண்டால் குழப்பம் இன்னும் கூடும். பிட்ஸ்பர்கின் காதுக்குச் செய்த கருவி தஞ்சாவூருக்குப் போதாது. தமிழ்ப் பெயர்களை நம்பகமாகப் பொருத்த ஒரு நல்ல முறை செய்பவர், உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்தவராக இருப்பார்.

பெயர் ஒன்றை மட்டும் நம்ப முடியாது என்பது அடுத்த கட்டத்தில் தெளிவானது. அமெரிக்காவின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரத்துறைத் தலைவர் ஹால்பர்ட் டன் 1946-இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரு மனிதர் பல அலுவலகங்களில் விட்டுச் செல்லும் பதிவுகளை ஒரே நூலாகக் கோர்க்கலாம் என்றார். அதைக் கணினியில் செய்து காட்டியவர் ஹோவர்டு நியூகோம்ப் என்ற கனடா மரபியலாளர். சாக் ரிவர் அணு ஆய்வகத்தில் இருந்த அவருக்குக் கதிர்வீச்சு தலைமுறை தாண்டிப் பாதிக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்குத் திருமணப் பதிவுகளையும் குழந்தைப் பிறப்புப் பதிவுகளையும் குடும்பம் குடும்பமாக இணைக்க வேண்டும். 1959-இல் 'சயின்ஸ்' இதழில் அவரும் சகாக்களும் முறையை வெளியிட்டார்கள். அரிதான பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் அது வலுவான சான்று, பரவலான பெயர் இருந்தால் பலவீனமான சான்று என்பதை எண்ணாக மாற்றினார்கள்.

பத்தாண்டுகள் கழித்து, 1969-இல், கனடா புள்ளியியல் அலுவலகத்தைச் சேர்ந்த ஐவன் ஃபெல்லஜியும் ஆலன் சன்டரும் இதற்கு முழுக் கணிதக் கோட்பாடு தந்தார்கள். அதன் சாரம் இது. இரண்டு பதிவுகளில் பாலினம் ஒத்துப்போகிறது என்று வையுங்கள். சம்பந்தமில்லாத இருவருக்கும் அது பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். ஆகவே அதன் எடை சொற்பம். பிறந்த தேதியும் மாதமும் ஒத்துப்போனால்? சம்பந்தமில்லாதவர்களுக்கு அப்படி நேர 365-இல் ஒரு வாய்ப்புதான். மடக்கைக் கணக்கில் பாலினத்துக்கு எடை 1 என்றால் பிறந்தநாளுக்கு எடை சுமார் 8.5. ஒத்தவற்றின் எடைகளைக் கூட்டு, ஒவ்வாதவற்றின் எடைகளைக் கழி. கூட்டுத்தொகை ஓர் எல்லைக்கு மேலே போனால் ஒரே ஆள். இன்னொரு எல்லைக்குக் கீழே வந்தால் வேறு ஆள். நடுவில் நின்றால் மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாடிக்கையாளர் பதிவுகளை இணைக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களில் பல இந்தக் கோட்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. இது 1969-இல் அச்சிட்டு உலகுக்குக் கொடுக்கப்பட்டது. பொருத்துதல் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் புதுமை கோருகிறவர் முதலில் தாண்ட வேண்டிய கட்டுரை இது.

*

திரட்டியதைக் கணினிக்குள் கொண்டுவந்ததும் அதே அறுபதுகளில்தான். கலிஃபோர்னியாவின் கிரெடிட் டேட்டா கார்ப்பரேஷன் கடன் தகவல்களைக் கணினியில் ஏற்றியது. நிறுவனங்கள் தமக்குள் ஆவணங்களைக் கணினி வழியே பரிமாறிக்கொள்ளப் பொது வடிவமும் உருவானது. 1948-இல் பெர்லின் முற்றுகையின்போது விமானங்களில் போன சரக்குகளுக்குப் பொதுவான பட்டியல் முறை ஒன்றை வகுத்த எட்வர்ட் கில்பர்ட், பிற்பாடு வணிகத்துக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமென்று உழைத்தார். அமெரிக்காவின் எக்ஸ்-12 தரக்குழு 1979-இல் அமைந்தது.

நாம் எழுதிய கோரலுக்கு மிக நெருங்கிய முன்னோடி என்று நான் நினைப்பது அபாகஸ் டைரக்ட். அமெரிக்காவில் தபால்வழி விற்பனை செய்யும் பட்டியல் கடைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 1990-களில் தங்கள் வாடிக்கையாளர் கொள்முதல் வரலாற்றை இந்த நிறுவனத்திடம் கொடுத்தன. அபாகஸ் அவற்றை ஒன்றாக்கி, ஒரே வீட்டுக்குப் பல கடைகளிலிருந்து போன சரக்குகளைச் சேர்த்துப் பார்த்து, உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்கள் இவர்கள் என்று ஒவ்வொரு கடைக்கும் பட்டியல் தந்தது. ஒரு கடை மற்றதன் கணக்கைப் பார்க்க முடியாது. நடுவில் நிற்பவர் மட்டும் எல்லாவற்றையும் பார்ப்பார். இணைய விளம்பர நிறுவனமான டபுள்கிளிக் 1999-இல் அபாகஸை வாங்கியது. அதுவரை பெயர் தெரியாமல் இருந்த இணைய உலாவல் பதிவுகளை அபாகஸிடம் இருந்த பெயர், முகவரியோடு இணைக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விசாரித்தது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் பின்வாங்கியது. அந்தச் சர்ச்சையால் அபாகஸின் முறை பத்திரிகைகளிலும் அரசு ஆவணங்களிலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 2001-க்குப் பிந்திய எந்த விண்ணப்பமும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சம்மதம் என்ற படிக்கு இத்தனை நீளமான வரலாறு இல்லை. டப்பனின் செய்தியாளர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன்னைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையே அமெரிக்கருக்கு 1970-இன் நியாயக் கடன் தகவல் சட்டத்தில்தான் வந்தது. டப்பன் தொடங்கிய பின் 129 ஆண்டுகள்! ஆனால் கணினியில் சம்மதம் கேட்பதும் புதிதில்லை. 1997-இல் நெட்ஸ்கேப், ஃபயர்ஃபிளை, வெரிசைன் மூன்றும் சேர்ந்து, பயனர் தன் சுயவிவரத்தை எந்தத் தளத்துக்கு எவ்வளவு காட்டலாம் என்று தானே தீர்மானிக்கும் திறந்த தரம் ஒன்றை முன்வைத்தன. பல தளங்களுக்கு ஒரே நுழைவுக் கணக்கு தரும் மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட் 1999-இல் வந்தது. 2007-இல் வந்த ஓ-ஆத், கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு சேவையிலுள்ள விவரத்தை இன்னொரு சேவை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் வழியை எல்லாருக்கும் இலவசமாக்கியது.

இதுவரை பார்த்த எல்லா முறைகளிலும் நடுவில் ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். யாருமே பார்க்காமல் பொருத்த முடியுமா? இந்தக் கேள்விதான் இந்தத் துறையில் பிறந்த மிக அழகான கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது.

பலர் செய்யும் எளிய வழி, கைப்பேசி எண்ணை ஹாஷ் செய்து, அதாவது திருப்பி எடுக்க முடியாத ஒரு குறியாக மாற்றி, அனுப்புவது. எண் மாறி அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்று நிம்மதி கொள்வார்கள். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தமே 400 கோடிதான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குச் சிறிய வேலை. ஆகவே அது மறைப்பே இல்லை.

உண்மையான வழி அடுக்குக் கணக்கில் இருக்கிறது. இரண்டு கடைகளும் தத்தமக்கு ஒரு ரகசிய எண் வைத்திருக்கின்றன. முதல் கடைக்கு 3, இரண்டாவதற்கு 7. வாடிக்கையாளரின் எண் 5 என்று கொள்வோம். கணக்கையெல்லாம் 23-ஆல் வகுத்த மீதியில் செய்ய வேண்டும். முதல் கடை 5-ஐ 3-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. 125, மீதி 10. அதை இரண்டாவது கடை 7-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 14. இப்போது திருப்பிச் செய்வோம். இரண்டாவது கடை 5-ஐ முதலில் 7-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 17. அதை முதல் கடை 3-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மறுபடி 14. எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே. ஆகவே இரு கடைகளும் தம் பட்டியல்களை இப்படி மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டு, கடைசி விடைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். பொதுவான வாடிக்கையாளர்கள் ஒரே எண்ணாக வருவார்கள். மற்றவர்களைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இங்கே இருப்பவை ஒன்றிரண்டு இலக்க எண்கள். நடைமுறையில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை. அப்போது மீதியை வைத்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியில்லை.

1976-இல் டிஃபியும் ஹெல்மனும் திறந்துவைத்த கணிதம் இது. அதைப் பட்டியல் பொருத்தத்துக்குக் கொண்டுவந்தவர்களில் கேத்தரின் மெடோஸ் முக்கியமானவர்; அவர் கட்டுரை 1986-இல் வெளிவந்தது. 1999-இல் ஹூபர்மன், ஃபிராங்க்ளின், ஹாக் மூவரும் மின்வணிகச் சூழலுக்கு ஏற்ப இதை விரித்தார்கள். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், விளம்பரம் பார்த்தவர்களில் எத்தனை பேர் கடையில் பொருள் வாங்கினார்கள் என்பதைப் பெயர் தெரியாமல் கூட்டிச் சொல்லும் முறையை இதே அடித்தளத்தில் வெளியிட்டார்கள். மெடோஸின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 31 ஆண்டுகள்.

*

இனி நம் கோரலுக்குத் திரும்புவோம். காப்புரிமைச் சட்டத்தில் பழைய சான்றுகளைக் கொண்டு ஒரு கோரலை வீழ்த்த இரண்டு வழிகள் உண்டு. ஐந்து படிகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் அது புதிதில்லை, கதை முடிந்தது. ஐந்தும் வெவ்வேறு ஆவணங்களில் சிதறிக் கிடந்தால், துறை தெரிந்த ஒருவர் அவற்றைச் சேர்த்துப் பார்த்திருப்பாரா என்று கேட்க வேண்டும். கார் பெடலில் மின்னணு உணரியைப் பொருத்துவது பற்றிய கே.எஸ்.ஆர். வழக்கில் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், தெரிந்த பாகங்களைத் தெரிந்த வேலைக்காகச் சேர்த்து எதிர்பார்த்த பலனைப் பெற்றால் அது கண்டுபிடிப்பாகாது என்பது. அபாகஸும் ஃபெல்லஜி–சன்டரும் பாஸ்போர்ட்டும் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டால் நம் கோரல் தப்பிக்காது என்பதே என் தீர்ப்பு. இவை தவிர, அதே நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு ஆலிஸ் தீர்ப்பும் இருக்கிறது: நெடுநாள் வணிக வழக்கமொன்றைச் சாதாரணக் கணினியில் செய் என்று சொன்னால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது.

தப்பக்கூடிய கோரல்கள் உண்டு, அவற்றை மதிக்க வேண்டும். கோடிக்கணக்கான பதிவுகளைச் சில நொடிகளில் மறைத்துப் பொருத்தும் புதிய கணக்கு, பொய்ப் பட்டியல் கொடுத்து ஏமாற்றும் கூட்டாளியைக் கண்டுபிடிக்கும் வழி, பல மொழிப் பெயர்களைப் பிழையின்றி இணைக்கும் முறை இவையெல்லாம் உழைப்பும் நுட்பமும் கேட்பவை. ஆனால் அப்படிப்பட்டவர் எந்தக் கணக்கைச் செய்கிறார் என்று கோரலிலேயே எழுத வேண்டும். பகிர்கிறேன் என்று மட்டும் எழுதினால், அது டப்பனுக்குச் சொந்தமானது. அவரோ காப்புரிமை கேட்கவே இல்லை.

சான்று எங்கிருந்தும் வரலாம். 1986-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் ஏறியிருந்த ஒரேயொரு முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சு வெளியீடாக ஏற்றுக்கொண்டு, அதைக் காட்டி ஒரு காப்புரிமையை மறுத்தது. தேடினால் கிடைக்கும் இடத்தில், தேதியோடு இருந்தது, அது போதும். பழைய மென்பொருள் கையேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், வங்கிச் சுற்றறிக்கைகள் எல்லாம் இதே தகுதி பெறலாம். வாடிக்கையாளர் சம்மதத்தோடு நிதி நிறுவனங்களுக்கிடையே தரவு போவதற்கு, நடுவில் நிற்பவர் தரவைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட அக்கவுண்ட் அக்ரிகேட்டர் விதிமுறைகளும் அப்படித்தான். அதற்குப் பின் இதே அமைப்பைத் தன் கண்டுபிடிப்பு என்று யார் கோரினாலும் அந்த ஆவணத்தை எடுத்து நீட்டலாம்.

இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறைகளையும், கணினி நிரலை அதன் அளவிலும், காப்புரிமைக்கு அப்பால் வைத்திருக்கிறது. இருந்தும் தொழில்நுட்ப விளைவு என்ற போர்வையில் விண்ணப்பங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமை தோறும் இணையத்தில் வருகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெளியான விண்ணப்பத்துக்கு, காப்புரிமை கொடுக்கப்படும் முன், 25(1) பிரிவின்படி எவர் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழக்கறிஞராகவோ பாதிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட பிறகு என்றால் ஓராண்டு அவகாசமும், தொடர்புடையவர் என்ற தகுதியும் தேவைப்படும். சென்னையிலும் கோவையிலும் வங்கி மென்பொருளிலும் கடன் தகவல் மென்பொருளிலும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் அலமாரியில் கிடக்கும், அன்று வெளியே விற்ற கையேட்டையும், அன்று மாநாட்டில் வாசித்த கட்டுரையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். தெரிந்த ஒன்றை யாரோ புதிதென்று கோருவதைப் பார்த்தால், ஆட்சேபம் எழுதுங்கள்.